தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே அரை மணி நேரம்

பெறுநர்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள், சட்ட உதவி வழக்கறிஞர்கள், இரு மாவட்ட வழக்கறிஞர் சங்கங்கள்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

"தண்டனை குறித்து எதிரியிடம் கேட்கப்பட்டது. தனக்கு வயதான தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருப்பதாகவும், குறைந்தபட்ச தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்."

கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வரி மனப்பாடம். (நீதிமன்றத் தமிழில் "எதிரி" என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) பெயர் மாறும், குழந்தைகளின் எண்ணிக்கை மாறும், வாசகம் மாறாது. காலையில் "குற்றவாளி" என்று தீர்ப்பு. கூண்டில் நிற்பவருக்குக் காது அடைத்துப்போயிருக்கும் அந்த நேரத்தில் ஒரு கேள்வி, அரை நிமிடத்தில் ஒரு பதில். வழக்கறிஞர் எழுந்து "வயது குறைவு, முன்வழக்கு இல்லை" என்கிறார். பிற்பகலில் தண்டனை. ஒருவரை உயிரோடு விடுவதா என்ற கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஒதுக்கும் நேரம் அவ்வளவுதான். இந்த மடல் அந்த இடைவேளையைப் பற்றியது.

தூக்குத் தண்டனை இருக்கலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே நடத்த வரவில்லை. இதை எழுதும் எங்களுக்குள்ளேயே அதில் ஒரே கருத்து கிடையாது. 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அதை ஒழிப்பதே நல்லது என்று பேசினார். 1967-ல் சட்ட ஆணையம் தன் 35-வது அறிக்கையில் இருக்கட்டும் என்றது. 2015-ல் 262-வது அறிக்கையில், பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றவற்றில் எடுத்துவிடலாம் என்றது. அந்த விவாதம் டெல்லியில் நடக்கட்டும். இருக்கிற சட்டம் கேட்கிற வேலையை நம் மாவட்ட நீதிமன்றங்களில் செய்கிறோமா என்பதுதான் எங்கள் கேள்வி.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நம் அரசமைப்பில் "கொடிய தண்டனை கூடாது" என்று தனியாக ஒரு வரி கிடையாது. அமெரிக்காவில் 1791-லிருந்து எட்டாவது திருத்தம் இருக்கிறது. நமக்கு இருப்பது 21-வது பிரிவு: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவர் உயிரையும் பறிக்கக் கூடாது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில் அந்த நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றதெல்லாம் அங்கிருந்து கிளைத்தவை. தூக்குத் தண்டனை பெற்றவரைத் தனிக்கொட்டடியில் பூட்டிவைக்கக் கூடாது என்ற சுனில் பத்ரா தீர்ப்பு அதே ஆண்டு வந்தது. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு ஒன்றுதான் என்றிருந்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 303-வது பிரிவு 1983-ல் மித்து வழக்கில் செல்லாததானது. அதே ஆண்டு, தூக்கிலிடும் முறை மட்டும் தீனா வழக்கில் தப்பித்தது. பொது இடத்தில் தூக்கிலிடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவையும் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. நடைமுறைதான் இங்கே வேலி. அதில் ஓட்டை விழுந்தால் பின்னால் இன்னொரு வேலி இல்லை.

1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் மரண தண்டனை செல்லும் என்றார்கள். ஆனால் ஆயுள்தான் விதி, தூக்கு விலக்கு, அதுவும் அரிதினும் அரிதான வழக்கில் மட்டும் என்று கட்டினார்கள். "அரிதினும் அரிது" என்பது பத்திரிகைத் தலைப்பாகிவிட்டது. அதே தீர்ப்பின் இன்னொரு பகுதியை வாதத்தில் எடுத்துவைப்பவர்கள் குறைவு. எதிரி இனியும் வன்முறை செய்வார், திருந்த மாட்டார் என்பதைச் சாட்சியத்தோடு நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. திருந்துவார் என்று எதிரி தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. "குற்றத்தின் கொடூரமே அவர் திருந்த மாட்டார் என்பதைக் காட்டுகிறது" என்று அரசு வழக்கறிஞர் சொன்னால் அது வாதம், சாட்சியம் ஆகாது. அதை அங்கேயே எழுந்து ஆட்சேபித்துப் பதிவு செய்ய வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த இப்போதைய சட்டத்தில், குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை பற்றிக் கேட்க வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 258(2). தூக்கு என்றால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்பது 393(3). இந்த இரண்டுக்கும் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துச் சொல்லிவிட்டது. எதிரியின் வயது, வளர்ந்த குடும்பம், சிறுவயதில் அடி உதையோ புறக்கணிப்போ இருந்ததா, இப்போதைய குடும்பம், படிப்பு, வறுமை, வேலை, வருமானம், முன்வழக்குகள், மனநலச் சிக்கல்கள் ஆகியவற்றை அரசுத் தரப்பு விசாரணைக் கட்டத்திலேயே திரட்டித் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை, சிறையில் செய்த வேலை, படித்த படிப்பு. எதிரி தரப்புக்கு மறுத்து ஆவணம் வைக்க உரிமை உண்டு. ஒரே நாளில் தீர்ப்பும் தண்டனையும் சரியா என்ற கேள்வி அதே ஆண்டு செப்டம்பரில் ஐந்து நீதிபதி அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2025 ஆகஸ்டில் வசந்த சம்பத் துபாரே வழக்கில், மனோஜ் நெறிமுறை கடைப்பிடிக்கப்படாத தூக்குத் தண்டனையை அரசமைப்பின் 32-வது பிரிவின் கீழ் மீண்டும் திறக்கலாம் என்றும் ஆகிவிட்டது. இன்று செய்யாமல் விடும் வேலை பத்து வருடம் கழித்து வந்து நிற்கும்.

தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்து எரிக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். கிருஷ்ணகிரியில் தொடங்கிய விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ, உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்துக்கு மாற்றியது. 2007 பிப்ரவரியில் மூவருக்குத் தூக்கு. டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும். தூக்கு வழக்கின் மறுசீராய்வைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டும் என்ற முகமது ஆரிப் தீர்ப்பு 2014-ல் வந்தது. பிறகு 2016 மார்ச்சில் மூவரின் தண்டனையும் ஆயுளாகக் குறைந்தது. கும்பல் வெறியில் நடந்தது, இன்னாரைக் கொல்ல வேண்டும் என்று முன்கூட்டித் திட்டமிட்டதல்ல என்ற கோணம் அப்போதுதான் எடுபட்டது. 2018 நவம்பரில் விடுதலை.

அந்த முடிவு சரியா தவறா என்பதில் ஊருக்கு ஊர் கருத்து வேறுபடும். நாங்கள் கேட்பது இது: கும்பல் மனநிலை என்ற வாதம் 2007-லேயே இருந்ததுதானே? அதைத் தண்டனைக் கட்டத்தில் முழுதாக எடுத்து, நீதிமன்றமும் முழுதாகப் பதில் சொல்லியிருந்தால், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் ஒன்பது வருடம் கழித்து அதை முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்டிருக்க வேண்டியதில்லை.

சென்னை வழக்கு இன்னும் கசப்பானது. 2017-ல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது; ஐந்து மாதத்தில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. எல்லோரும் வேகத்தைப் பாராட்டினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலையே செய்துவிட்டது. சாட்சியத்தில் ஓட்டைகள் இருந்தன. அவற்றோடு, வழக்கறிஞர் இல்லாமலே குற்றச்சாட்டு வனையப்பட்டது, சட்ட உதவி வழக்கறிஞர் அமர்ந்த நாலு நாளில் சாட்சி விசாரணை தொடங்கியது, தீர்ப்பு நாளிலேயே தண்டனை விதிக்கப்பட்டது ஆகியவையும் குறையாக எழுதப்பட்டன. அந்தக் குழந்தையின் குடும்பத்துக்கு இப்போது கையில் என்ன இருக்கிறது? எதிரி தரப்பு வேலையை அரைகுறையாக விட்டால் நஷ்டம் எதிரிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

வழக்கறிஞர் சங்கங்களுக்கு எங்கள் முதல் வேண்டுகோள் இதிலிருந்தே வருகிறது. மனம் பதறும் ஒரு குற்றம் நடந்ததும் "இந்த எதிரிக்கு யாரும் ஆஜராகக் கூடாது" என்று தீர்மானம் போடுவது பழக்கமாகிவிட்டது. கோவையில் போட்ட அப்படியொரு தீர்மானத்தைப் பற்றிய வழக்கில்தான், முகமது ரஃபி வழக்கில், 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவை சட்டப்படி செல்லாதவை என்றது. தீர்மானம் செல்லாது என்றாலும் அதன் வேலையைச் செய்துவிடும்: அனுபவமுள்ளவர்கள் ஒதுங்குவார்கள், வழக்கு இளையவர் தலையில் விழும். ஆயுளோ தூக்கோ விழக்கூடிய வழக்கில் குறைந்தது 10 ஆண்டு தொழில் செய்தவரையே சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும், அவருக்குத் தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்பது 2019-ன் அனோகிலால் தீர்ப்பு. அந்த ஏழு நாளைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். மறுக்கப்பட்டாலும் மனு பதிவில் இருக்கும்.

இனி ஆணைக்குழுக்களுக்கும் சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கும். குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்த வாரத்திலேயே இரண்டு கட்டு தொடங்குங்கள். ஒன்று வழக்குக் கட்டு; மற்றது ஆள் கட்டு. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. "நான் செய்யவே இல்லை" என்பவரின் குடிப்பழக்கமும் பழைய மனநோய்ச் சீட்டும் வழக்குக் கட்டில் கிடந்து குறுக்கு விசாரணையில் தவறி வெளியே வந்தால், அதுவே அவருக்கு எதிராகத் திரும்பும். ஆள் கட்டு, குற்றவாளி என்று தீர்ப்பு வரும்வரை வெளியே வர வேண்டியதில்லை. விடுதலையானால் அப்படியே மூடிவிடலாம், உழைப்பு வீண் போனதே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஆள் கட்டில் முதல் தாள் வயது. நம் மாவட்டங்களில் இதில்தான் அதிகம் வழுக்கும். சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் போன்ற மலைக் கிராமங்களில் வீட்டுப் பிரசவம், பிறப்புப் பதிவு இல்லை என்பது முந்தைய தலைமுறைவரை சாதாரணம். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது அதனால்தான். ஆதாரில் இருப்பது அதன் நகல், அல்லது அதைவிட மோசமான ஊகம். இளைஞர் நீதிச் சட்டம் 94-வது பிரிவு ஒரு வரிசை சொல்கிறது: முதலில் பள்ளிப் பிறந்ததேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் எலும்புப் பரிசோதனை. கடைசியதில் இரண்டு வருடம் முன்பின் ஆகலாம். ஆகவே கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழோடு நிற்காதீர்கள். முதல் வகுப்பில் சேர்த்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள், தலைமையாசிரியரிடம் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நாராயண் சேத்தன்ராம் சவுத்ரி என்பவர் தூக்குத் தண்டனை பெற்று, மொத்தம் 28 ஆண்டு சிறையில் இருந்த பிறகு, 2023 மார்ச்சில், குற்றம் நடந்தபோது அவர் 12 வயதுச் சிறுவன் என்று உச்ச நீதிமன்றம் ஏற்று விடுவித்தது. அத்தனைக்கும் ஆதாரமாக நின்றது ஒரு பள்ளிப் பதிவேடு.

அடுத்தது குடும்பம். முதல் முறை போனால் பேச மாட்டார்கள். ஊர் ஒதுக்கியிருக்கும், அவமானம் இருக்கும், வந்தவர் போலீஸோ என்ற பயமும் இருக்கும். குறைந்தது மூன்று முறை போக வேண்டும், ஒருமுறையாவது தாயைத் தனியாகப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவை நல்லவரா கெட்டவரா என்பதல்ல. எத்தனை வயதில் பள்ளியை விட்டார்? செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போன வருடங்கள் எவை? பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனபோது யாரோடு தங்கினார்? கல் குவாரியிலோ சாரத்திலோ தலையில் அடிபட்டதா, எந்த ஆஸ்பத்திரி? சீட்டு தொலைந்திருந்தால் வெளிநோயாளிப் பதிவேட்டிலிருந்து கேட்டு வாங்கலாம், தேதி உத்தேசமாகத் தெரிந்தால் போதும். "வறுமையில் வளர்ந்தவர்" என்று ஒரு வரி எழுதினால் எந்த நீதிபதியும் அசைய மாட்டார். எட்டு வயதில் சூளைக்குப் போனார், நான்காம் வகுப்பில் பெயர் நீக்கப்பட்ட பதிவேட்டுப் பக்கம் இது என்று வைத்தால் நின்று படிப்பார்.

மொழியில் அசட்டையாக இருக்காதீர்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய; ஓசூர் தொழிற்பேட்டையிலும் குவாரிகளிலும் வேலை செய்யும் வடமாநிலத்தவர்கள் இந்தியோ ஒடியாவோ பேசுவார்கள். தமிழ் ஓரளவு புரியும் என்பதால் தமிழிலேயே முடித்துவிடுகிறோம். சிறுவயதில் பட்ட அடியை ஒருவர் கற்ற மொழியில் சொல்ல மாட்டார். உறவினரை மொழிபெயர்க்க வைப்பதும் தப்பு; குடும்ப ரகசியம் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும்.

மனநல மதிப்பீடு என்றதும் "மனநிலை நன்றாக உள்ளது" என்ற ஒரு பக்கச் சான்று வந்துவிடுகிறது. அது, வழக்கு விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்ற வேறு கேள்விக்கான பதில். தண்டனைக்குத் தேவையானது வாழ்நாள் வரலாறு, அறிவுத்திறன் சோதனை, போதைப் பழக்கத்தின் அளவு, பழைய சிகிச்சை. ஒரு சந்திப்பில் முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைக்குக் கடிதம் எழுதும்போது இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கைதியை வெளியே கொண்டுபோக வழிக்காவல் கிடைக்காமல் வாய்தா வாய்தாவாகப் போகும் என்பதால், மருத்துவர் சிறைக்கு வந்து பார்க்க உத்தரவு வாங்குவதே மேல். தண்டனைக்குப் பின் தீவிர மனநோய் வந்தாலும் அது கணக்கில் வரும் என்பது 2019-லேயே தீர்ந்த விஷயம்.

நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இன்னொரு பலவீனமான இடம். குற்றம் நடந்த தெருவில் நாலு பேரைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? கொதிப்பில் இருப்பவர்கள் சொல்வதைச் சொல்வார்கள். வேலை கொடுத்தவர், பழைய ஆசிரியர், சிறை நலஅலுவலர் ஆகியோரையும் கேட்கச் சொல்லி அவருக்கு முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுங்கள். அறிக்கை வந்த பின் குறை சொல்வதைவிட இது லேசான வேலை.

தீர்ப்பு நாளில் ஒரே ஒரு மனு தயாராக இருக்கட்டும்: 258(2)-ன்படி தண்டனை விசாரணைக்கு வேறு தேதி வேண்டும், அதற்குள் மனோஜ் தீர்ப்புப்படியான அறிக்கைகளை அரசு தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும் என்று. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். "ஆயுள் என்றால் 14 வருஷத்தில் வெளியே வந்துவிடுவான்" என்பது டீக்கடைப் பேச்சு மட்டுமல்ல, வாதங்களிலும் நிழலாக வருகிறது. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. 14 ஆண்டு என்பது தூக்கு விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனைக் குறைப்பைப் பரிசீலிப்பதற்கே வேண்டிய குறைந்த அளவு. இப்போது சன்ஹிதாவின் 475-வது பிரிவு; இனி வரும் பிரிவு எண்களும் அதனுடையவையே. தண்டனைக் குறைப்பே இல்லாமல் 25, 30 ஆண்டு என்று விதிக்கும் வழி 2008-ன் சிரத்தானந்தா தீர்ப்பில் பிறந்து 2015-ன் ஸ்ரீஹரன் தீர்ப்பில் உறுதியானது. ஆனால் அது உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும். அமர்வு நீதிபதி முன் இருப்பது இரண்டே கதவு. தூக்கு விதித்தாலும் 407-ன்படி உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை அது நிறைவேறாது, 408-ன்படி அங்கே புதிய சாட்சியமும் எடுக்கலாம். ஆகவே ஆள் கட்டைக் கட்டி மூலையில் போடாமல், மேல்முறையீட்டு வழக்கறிஞருக்கு முழுதாக அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

கருணை மனுவுக்கும் இப்போது கெடு வந்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் தோற்ற செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள். ஆளுநர் நிராகரித்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாள். 472-வது பிரிவு. மேட்டூருக்கு மேலே பாலாற்றில் 1993 ஏப்ரலில் நடந்த கண்ணிவெடி வழக்கை இங்கே பலருக்கும் நினைவிருக்கும். மைசூரு தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் வீரப்பன் கூட்டாளிகள் நால்வருக்குக் கொடுத்த ஆயுளை 2004-ல் உச்ச நீதிமன்றமே தூக்காக உயர்த்தியது. கருணை மனு 2013 பிப்ரவரியில்தான் நிராகரிக்கப்பட்டது. அந்த ஒன்பது வருடக் காத்திருப்பே கொடிய தண்டனை என்று 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் தீர்ப்பில் அவர்கள் உட்பட 15 பேரின் தூக்கு குறைக்கப்பட்டது. நிராகரிப்புக்கும் தூக்குக்கும் இடையே 14 நாள் வேண்டும், கடைசிவரை சட்ட உதவி உண்டு என்பதும் அதில்தான் வந்தது. ஆகவே கட்டின் மேலட்டையில் குடும்பத்தில் இருவரின் தொலைபேசி எண்களை எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். வேலைக்கு இடம்பெயரும் குடும்பங்களில் எண் மாறுவதற்கு ஒரு அறுவடைக்காலம் போதும்.

இதெல்லாம் குற்றவாளிக்கான கரிசனம் என்று யாராவது உங்களைக் கேட்டால், உங்கள் அலுவலகத்தின் இன்னொரு மேசையைக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடும் இதே ஆணைக்குழுவின் வேலைதான். 396-வது பிரிவின்படி விண்ணப்பம் வந்து இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும்; இடைக்கால நிவாரணமும் தரலாம். அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று பழங்குடி மக்கள்மீது அரசு ஊழியர்களே செய்த கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தர்மபுரி நீதிமன்றத்தில் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. எதிரிகளில் இன்னும் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் வழங்கச் சொல்ல 2023 ஆகிவிட்டது. அந்த ஊர் 31 வருடம் கேட்டது யாரையும் தூக்கிலிடுவதை அல்ல. நடந்தது நடந்தது என்று ஒரு நீதிமன்றம் எழுதித் தர வேண்டும் என்றுதான்.

இரு மாவட்டங்களிலும் இப்போது விசாரணையில் உள்ள, தூக்கு விதிக்கத்தக்க பிரிவுகள் கொண்ட வழக்குகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் ஆள் கட்டு தொடங்கப்பட்டதா என்று மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு பத்தி சேருங்கள். எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டால் போதும், பெயர்கள் வேண்டாம்.

இப்படிக்கு,
தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குற்றவியல் வழக்குகளோடு பணிபுரியும் சிலர்